பாய் ஏறாத பாட்டு

சிலுவைமுனைக் கடற்கரையில் ரெமிஜியுஸ் பாடிய கடைசிச் சுரம் கீழே இறங்காமல் பந்தலுக்கு மேலே அந்தரத்திலேயே நின்றுபோன அந்தச் சாயங்காலத்தில், ஊரே மணலில் எழுந்து நின்று கை வலிக்கத் தட்டிக்கொண்டிருக்க, அலை முறிகிற இடத்துக்கு அப்பால் வள்ளத்தில் உட்கார்ந்திருந்த பெர்பெத்துவா பாயை ஏற்றவில்லை. சுரம் நின்றதை ஊர் மறுநாள் காலைக்குள் பழகிக்கொண்டது. பாய் ஏறாததைத்தான் கடைசிவரைக்கும் செரிக்க முடியவில்லை.

வழக்கம் தெரியாதவர்களுக்கு அதை முதலில் சொல்லிவிட வேண்டும். கோவில் திருநாள் முடிகிற அன்றைக்கு அந்தக் கரையில் ஏழு கப்பல் ராசா நாடகம் நடக்கும். ஏழு கப்பலையும் ஒரே மகனையும் கடலுக்குப் பறிகொடுத்த ராசா, கப்பலெல்லாம் உனக்கே இருக்கட்டும், பிள்ளையை மட்டும் கரையேற்று என்று கடலைப் பார்த்துக் கேட்கிற பாட்டுதான் அதன் உயிர். மற்றதெல்லாம் அந்தப் பாட்டு வருகிறவரைக்கும் சனத்தை உட்கார வைக்கிற ஏற்பாடு. பொழுது சாய்கிற நேரத்துக்கு அந்தப் பாட்டு வந்து விழுகிற மாதிரி நாடகத்தை நடத்துவார்கள். அப்போது ராசா வேஷக்காரன் சனத்துக்கு முதுகைக் காட்டி, மைக்கை ஒதுக்கிவிட்டு, தண்ணீரைப் பார்த்துப் பாட வேண்டும். பாட்டு எப்படி என்று சொல்ல வேண்டியவர் கரையில் இருக்கமாட்டார். அலைக்கு அப்பால் வள்ளத்தில் உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பெயர் ஊர்க்காது. கடைசிச் சுரம் வள்ளத்தைத் தொட்டால் மட்டும் போதாது, வள்ளத்தைத் தாண்டிப் போக வேண்டும். போனால் ஊர்க்காது வெள்ளைப் பாயை ஏற்றுவார், பாடினவனைச் சாகிறவரைக்கும் ஊர் ராசா என்றுதான் கூப்பிடும். போகவில்லையென்றால் பாய் கிடையாது, ராசாவும் கிடையாது, பாய் ஏறுகிறவரைக்கும் பந்தலைப் பிரிக்கவும் கூடாது.

ஏன் இப்படி என்று கேட்டால் ஊர்க்காரர்கள் கேட்டவனை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அந்த ஊரில் கடலோடு போய்த் திரும்பாத ஆள் இல்லாத வீடு எது? கல்லறைத் தோட்டத்தில் பெயர் மட்டும் எழுதின சிலுவைகள் எத்தனை? அந்தப் பாட்டு அவர்களுக்காகப் பாடுகிற பாட்டு. ஊர்க்காது உட்காருவது அவர்களுடைய இடத்தில்.

பெர்பெத்துவாவின் அப்பா அந்த இடத்தில் இருந்தார். அவருக்குப் பிறகு மூத்தவன் இஞ்ஞாசி வர வேண்டியது. அவனோ சீலா மீன் வலையோடு ஒரு விடியற்காலையில் போனவன், அவனும் திரும்பவில்லை, வள்ளமும் திரும்பவில்லை, வலையும் திரும்பவில்லை. அதனால் தங்கச்சிக்கு வந்தது. பொம்பளைக் காதா என்று முனகினவர்கள், அவள் வாசலில் உட்கார்ந்து கருவாடு கீறிக்கொண்டே வருகிற எஞ்சின் சத்தத்தை வைத்து இது யார் வள்ளம், இன்றைக்கு மீன்பாடு உண்டா இல்லையா என்று சொல்வதைப் பார்த்தபிறகு வாயை மூடிக்கொண்டார்கள்.

ரெமிஜியுஸ் யார் என்பதையும் மறைக்க ஒன்றுமில்லை. பெர்பெத்துவாவுக்கும் அவனுக்கும் கோவிலில் கல்யாண ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை வாசிக்க வேண்டும். இரண்டாவது ஞாயிறு வாசித்தார்கள், மூன்றாவது ஞாயிறு மாப்பிள்ளையைக் காணோம். அந்த வருஷம் ராசா வேஷமும் அவனுக்குத்தான் கொடுத்திருந்தார்கள். ஒரே ஓட்டத்தில் இரண்டிலிருந்தும் தப்பித்துவிட்டான். பம்பாயில் கோவில் பாடகர் குழு, அங்கிருந்து கப்பல், கப்பலிலிருந்து வெளிநாட்டுப் பெரிய பெரிய அரங்கம் என்று போனவன், தலை நரைத்து, விலையுயர்ந்த செருப்போடு இப்போதுதான் திரும்பியிருந்தான். பெர்பெத்துவா அவனுக்காக மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. லெயோனைக் கட்டிக்கொண்டாள். டீசல் எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து காது மந்தமாகிப்போன, பத்து வார்த்தை பேசினால் எட்டு வார்த்தை கேலியாக இருக்கிற லெயோன் அவளுக்கு நல்ல புருஷன். வருஷா வருஷம் அவளை வள்ளத்தில் வைத்துத் துடுப்புப் போட்டுக்கொண்டு போகிறவனும் அவன்தான்.

அன்றைக்கு முதல் வரிசையில் பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஊர்க்கமிட்டித் தலைவர் கஸ்பார் மேடைக்குப் பின்னால் போய் ரெமிஜியுஸ் காதில், "தம்பி, இத்தனை பேரு உன் முகத்தைப் பாக்கணும்னு வந்திருக்காவ, முதுகைக் காட்டிறாத" என்று சொன்னார். அவனுக்கும் அது சரியாகத்தான் பட்டது. அவன் பாடின அரங்கங்களில் யாரும் சனத்துக்கு முதுகைக் காட்டுவதில்லை. கடலுக்கு முதுகைக் காட்டி நின்றான். நெஞ்சை நிமிர்த்தினான். அந்தக் குரலைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. இரண்டு அடிக்கு நடுவில் மூச்சைத் திருடவில்லை, சொல்லை மெல்லவில்லை, பிள்ளையைக் கொடு என்று கேட்கிற இடத்தில் பெரிய மனிதர்களே கண்ணைத் துடைத்தார்கள். கடைசிச் சுரத்தை மேலே கொண்டுபோய் நிறுத்தினான், வாயை மூடினான், தலை குனிந்தான். சுரம் அங்கேயே நின்றது.

வள்ளத்தில் பெர்பெத்துவா முழங்கையை முழங்காலில் ஊன்றிக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பாட்டின் ஆரம்பம் காற்றில் அரைகுறையாக வந்தது. கடைசிச் சுரத்துக்கு அவன் கை விரிவதைப் பார்த்தாள். சனம் எழுந்திருப்பதைப் பார்த்தாள். வள்ளத்தின் பலகையில் தண்ணீர் தட்டுகிற சத்தத்தைத் தவிர வேறொன்றும் வரவில்லை.

"முடிஞ்சிட்டா?" என்று கேட்டான் லெயோன்.

"முடியல" என்றாள் அவள்.

சுரம் கோவில் கோபுரத்தைவிடத் தாழ்வாகவும் பந்தலைவிட உயரமாகவும் நின்றது. காற்று அடித்தால் லேசாக ஆடும், ஆனால் நகராது. மழை பெய்தால் கொஞ்சம் தடித்துக் கேட்கும், வெயில் ஏறினால் பழையபடி மெலிந்துவிடும். கோவில் பாடகர் குழுவின் ஆர்மோனியத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. சன்னலைத் திறந்துவைத்தால் சுருதி தானாக உள்ளே வந்தது. மீன் ஏலம் கூறுகிறவன் தன்னை அறியாமல் அந்தச் சுருதியிலேயே கூற ஆரம்பித்தான், வியாபாரிகளும் அதே சுருதியில் விலையைக் குறைத்தார்கள், இறால் ஏலம் ஏதோ ஆராதனை மாதிரி நடந்தது. தொட்டில் கட்டுகிறவர்கள் சுரத்துக்கு நேர்கீழே வீடு கிடைக்குமா என்று தேடினார்கள், அங்கே பிள்ளைகள் அழாமல் தூங்கின. புருஷன் பெண்டாட்டி சண்டைதான் கஷ்டமாகிவிட்டது. யார் குரலை உயர்த்தினாலும் அது போய்ச் சுரத்தோடு சேர்ந்து இனிமையாகிவிடுவதால், முறையாகச் சண்டை போட நினைத்தவர்கள் ஐஸ் பேக்டரிக்குப் பின்னால் நடந்துபோய்ப் போட்டுவிட்டு வந்தார்கள். காக்கைகள் அதைச் சுற்றிக்கொண்டு பறந்தன. படுத்த படுக்கையாகக் கிடந்த வள்ளச் சொந்தக்காரர் சம்மாட்டி பெஞ்சமின், கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய் அதன் கீழே போடச் சொல்லி, ஒரு வாரம் நிம்மதியாகக் கிடந்து செத்தார்.

பங்குச்சாமியார் பிரசங்கத்தில், ஆண் குரல் இவ்வளவு உயரம் போவதை மேல்நாட்டில் டெனர் என்பார்கள் என்று விளக்கினார். அன்றிலிருந்து ஊரில் உரக்கப் பேசுகிற ஒவ்வொருத்தனும் டெனர் ஆனான். வெளியூரிலிருந்து வேன்வேனாகச் சனம் வந்தது. வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள், பார்க்க ஒன்றுமில்லை என்று தெரிந்தும் பார்த்தார்கள், பிறகு சர்பத் குடித்தார்கள், நண்டு சாப்பிட்டார்கள், சங்கு வாங்கிக்கொண்டு போனார்கள். மழையும் புயலும் மீனை விரட்டியிருந்த அந்த வருஷத்தில் எல்லா வீட்டு அடுப்பும் எரிந்தது. ஊர் கொஞ்சம் சதை போட்டது என்றுகூடச் சொல்லலாம்.

பந்தல் மட்டும் பிரிக்கப்படாமல் நின்றது. துணி நைந்து கிழிந்து தொங்க, அதைப் பார்க்கிற ஒவ்வொருத்தர் கண்ணும் பெர்பெத்துவா வீட்டுப் பக்கம் திரும்பியது.

தண்ணீர்க் குழாயடியில் ஆரம்பித்தார்கள். "மைனி, அந்தரத்துல நிக்கி சுரம். ஆண்டவரே பாய் ஏத்திட்டாரு. ஒங்களுக்கு இன்னும் என்னதான் வேணும்?" என்றாள் பக்கத்து வீட்டு ரெஜினா.

"என் காதுக்கு வரல. வந்தா ஏத்துவேன்."

"பழசை மனசுல வச்சுக்கிட்டுப் பேசுதீய. ஓலை வாசிச்சது ஊருக்கே தெரியும்லா."

பெர்பெத்துவா குடத்தை இடுப்பில் வைத்தாள். "ஆமாட்டி, ஓடிப்போனவன்தான். இன்னைக்கும் அவனைப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டுத்தான் வருது. அதை இல்லைன்னு நான் சொல்லல. காதுக்கு வரலைன்னுதான் சொல்லுதேன்" என்றாள்.

வாய்தான் அப்படிப் பேசியது. வீட்டுக்கு வந்து அரிசி களைகிறபோது கை நின்றுவிடும். வரவில்லையா, வரக் கூடாது என்று இருந்துவிட்டேனா? அவன் ஜெயித்துவிடக் கூடாது என்று காதை மூடிக்கொண்டேனா? ஒரு தடவை அப்படிச் செய்திருந்தால் அப்பா உட்கார்ந்த இடத்துக்கே அவள் துரோகம் செய்தவள். ஊர் என்ன சொன்னாலும் எதிர்த்து நிற்கலாம், தன் காதையே சந்தேகப்பட்டுக்கொண்டு எப்படி நிற்பது?

லெயோனும் அதையே கேட்டான், கேலி இல்லாமல் கேட்டான். "எனக்குத்தான் காது செவிடு. நீ சொல்லு. நெசமா வரலையா?"

"வா, போய்ப் பாப்போம்" என்றாள்.

விடிந்ததும் இரண்டு பேரும் வள்ளத்தைத் தள்ளினார்கள். கரையோரம் முழுக்கச் சுரம் தலைக்கு மேலே பெரிதாகக் கேட்டது. அலை முறிகிற இடம் வந்தது, தாண்டினார்கள். அங்கே கத்தியால் கீறினாற்போல் சத்தம் நின்றது. திரும்பி உள்ளே வந்தாள், கேட்டது. வெளியே போனாள், இல்லை. மறுநாளும் போனாள், காற்று கரையிலிருந்து அடிக்கிற நாளாகப் பார்த்தும் போனாள். சுரம் கரைக்கு மட்டும்தான் இருந்தது. அன்றைக்கு அவள் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

சாப்பிட்டு முடிக்கும்போதுதான் இன்னொன்று தோன்றியது. தினமும் கடலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் அந்த இடத்தைத் தாண்டித்தானே போகிறார்கள்?

ஐப்பசியில் கமிட்டிக் கூட்டம் போட்டார்கள். மறைமாவட்ட ஆயர் சுரத்தைக் கேட்க வருகிறார், வருகிற ஞாயிற்றுக்கிழமை ரெமிஜியுஸ் மறுபடியும் பாடுவான், பாய் ஏற வேண்டும் என்றார் கஸ்பார். பெர்பெத்துவாவுக்கு மனம் இல்லையென்றால் ஊர்க்காது இடத்தில் தன் மருமகன் ஜெரோம் உட்காருவான் என்றும் சொன்னார். ரெமிஜியுஸ் ஒரு ஓரமாகச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மணலில் உட்கார்ந்திருந்தான்.

பெர்பெத்துவா எழுந்தாள். ஆண்கள் இருந்த பக்கம் பார்த்தாள். "கடலுக்குப் போறவியகிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அலையைத் தாண்டினா அந்தச் சுரம் கேக்கா?"

முன்னால் உட்கார்ந்திருந்த சவரிமுத்துவிடம் திரும்பினாள்.

"சவரிமுத்து அண்ணே, நீங்க சொல்லுங்க."

சவரிமுத்து மணலைக் கிளறினார். "எஞ்சின் சத்தத்துல என்னத்த மக்கா கேக்கும்."

"எஞ்சினை அமத்திட்டுதான வலை வாங்குதீய. அப்ப?"

சவரிமுத்துவுக்குத் தெரிந்திருந்தது. அங்கே உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் முதல் நாளிலிருந்தே தெரிந்திருந்தது, தினம் போகும்போதும் வரும்போதும் தெரிந்திருந்தது, வீட்டில் பெண்டாட்டியிடம்கூட ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. சர்பத் கடை யாருடையது, நண்டு வறுக்கிறது யார் வீட்டில்? பெர்பெத்துவாவுக்கு வந்த கோபத்தில் குரல் நடுங்கவில்லை, அதுதான் ஆச்சரியம்.

"அவரு கரைக்குப் பாடுனாரு. கரையில இருந்தவிய கை தட்டிட்டீய. அது அதோட சரி. தாண்டிப் போயிருந்தா எப்பவோ போய்ச் சேந்திருக்கும், போக இடமில்லாமத்தான் ஒங்க தலைக்கு மேல நிக்கி. கடலுக்குள்ள இருக்கிறவிய யாரும் இன்னும் அந்தப் பாட்டைக் கேக்கல. எங்க அண்ணன் கேக்கல. சவரிமுத்து அண்ணே, ஒங்க மவன் கேக்கல. இடத்தை யாருக்கு வேணும்னாலும் குடுங்க. கேக்காததைக் கேட்டேன்னு நான் சொல்லமாட்டேன்."

கூட்டம் முணுமுணுத்தது. ரெமிஜியுஸ் எழுந்து வந்தான். "பெர்பெத்து, என்னை அங்க கூட்டிட்டுப் போறியா?" என்றான். ஊர் முன்னால் அந்தச் சுருக்குப் பெயரைச் சொல்ல அவனுக்கு என்ன உரிமை என்று அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கூட்டிக்கொண்டு போனாள்.

லெயோன் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து துடுப்புப் போட்டான். "பழைய மாப்பிள்ளையும் புது மாப்பிள்ளையும் ஒரே வள்ளத்துல போறது இந்தக் கரையில நாமதான்" என்றான். யாரும் சிரிக்கவில்லை, அவனே சிரித்துக்கொண்டான். அலையைத் தாண்டினார்கள். ரெமிஜியுஸ் தலையைத் திருப்பினான், எழுந்து நின்றான், வள்ளம் ஆடியது, உட்கார்ந்தான். ஊரே அண்ணாந்து பார்க்கிற அவன் குரல் அங்கே இல்லவே இல்லை.

"நீ வஞ்சம் வச்சு ஏத்தலைன்னு நெனச்சேன்" என்றான்.

"வஞ்சம் இருக்கு. அதைக் கரையில வச்சுட்டுத்தான் வள்ளத்துல ஏறுவேன்."

அவன் குனிந்து தண்ணீரில் கை வைத்தான். "எங்க அய்யா இதுக்குள்ளதான் எங்கயோ கெடக்காரு. அந்த வருஷம் அவருக்கு முன்னால நின்னு பாடணுமேன்னு பயந்துட்டேன். அதான் ஓடுனேன். உன்ன விட்டு ஓடல."

"என்னை விட்டுந்தான் ஓடுனீய" என்றாள் பெர்பெத்துவா. "அது கெடக்கட்டும். ஞாயித்துக்கெழம எந்தப் பக்கம் பாத்து நிக்கப் போறீய?"



ஞாயிற்றுக்கிழமை ஆயர் வந்து நடுநாற்காலியில் உட்கார்ந்தார். ஜெரோம் புது பைபர் வள்ளத்தில் புதுப் பாயோடு அலைக்கு அப்பால் போய் நின்றான். பெர்பெத்துவாவை யாரும் கூப்பிடவில்லை. அவள் தன் வள்ளத்தில், அப்பாவின் பழைய பாயைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, வழக்கமான இடத்தில் வழக்கம்போல் போய் உட்கார்ந்தாள். அந்த இடம் கமிட்டியின் அப்பன் வீட்டு இடமில்லை.

பொழுது சாய்ந்தது. ராசா கிரீடத்தோடு ரெமிஜியுஸ் மேடைக்கு வந்தான், ஆயரைக் கும்பிட்டான், பிறகு மேடையிலிருந்து இறங்கினான். மணலில் நடந்தான். கஸ்பார் பின்னாலேயே ஓடி, "தம்பி, ஆயருக்கு முதுகு, ஆயருக்கு முதுகு" என்றார். அவன் தண்ணீர் கணுக்காலைத் தொடுகிறவரைக்கும் போய், கடலைப் பார்த்து நின்று பாடினான்.

முன்னே பாடினது மாதிரி இல்லை. நெஞ்சு நிமிரவில்லை. குரலில் வயது தெரிந்தது, பயம் தெரிந்தது, நடுவில் ஒரு தடவை மூச்சு வாங்கியது. பிள்ளையைக் கொடு என்று ராசா கேட்கிற இடத்தில், பிள்ளை தகப்பனைக் கேட்பது மாதிரி இருந்தது. கடைசிச் சுரத்துக்கு ஏறினான், பாதியில் குரல் பிளந்தது. கரையில் யாரோ சிரித்தார்கள். அப்போது இத்தனை மாதமாய் அந்தரத்தில் நின்ற சுரம் மெல்ல இறங்கி வந்து அந்தப் பிளந்த குரலோடு சேர்ந்தது. இரண்டும் தண்ணீர் மேல் தாழ்வாகப் போய் அலையைத் தாண்டின.

கரையில் சட்டென்று சத்தம் இல்லாமல் போயிற்று. தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்து அழுதன. வேனில் வந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். போச்சு, எல்லாம் போச்சு என்று கஸ்பார் தலையில் கை வைத்தார், பிறகு பாய் ஏறாமல் இருந்தால் சுரம் திரும்பி வந்துவிடும் என்பதுபோல் அதே கையைத் தூக்கி, ஏற்றாதே, ஏற்றாதே என்று ஜெரோமுக்குச் சைகை காட்டினார். ஜெரோமுக்குக் கேட்டது. அவன் முகத்தைப் பார்த்தாலே கேட்டது என்று தெரிந்தது. ஆனாலும் மாமனார் கையைப் பார்த்தான், பாயின் கயிற்றைக் கீழே போட்டான்.

பெர்பெத்துவாவின் வள்ளத்துக்கு மேலே அது போனபோது அவள் மயிர்க்கால் எல்லாம் எழும்பி நின்றது. காது மந்தமான லெயோன் துடுப்பை நிறுத்திவிட்டு ஆழ்கடல் பக்கம் திரும்பினான்.

"யாரு கூப்புடுதா?" என்றான்.

அவளுக்குக் கண்ணீர் பொங்கி வந்தது. எழுந்து நின்று பாயை ஏற்றினாள்.

கரை கூச்சல் போட்டது. கெட்டுப்போன பாட்டுக்குப் பாயா, நல்ல பாட்டுக்கு ஏற்றாதவள் இதற்கு ஏற்றுகிறாளா, பழைய மாப்பிள்ளை என்பதற்காகவா, இறக்கு, இறக்கு என்று ஆண்கள் வள்ளங்களைத் தள்ளினார்கள். எஞ்சின்கள் உறுமின. எல்லாருக்கும் முன்னால் சவரிமுத்துவின் வள்ளம் வந்தது. பெர்பெத்துவா பாய்மரத்தைக் கையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எறக்க மாட்டேன்" என்றாள். "ஒங்களுக்கு எறக்கணும்னா வந்து எறக்குங்க. முதல்ல எஞ்சினை அமத்துங்க."

சவரிமுத்து அவளைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். குனிந்து எஞ்சினை அமர்த்தினார். பின்னால் வந்தவன் அமர்த்தினான், அவனுக்குப் பின்னால் வந்தவனும் அமர்த்தினான். கடைசி எஞ்சினும் நின்றபோது, தூரத்தில், இருட்டிக்கொண்டு வருகிற கடலுக்குள், அந்தக் குரல் இன்னும் போய்க்கொண்டே இருப்பது கேட்டது. சவரிமுத்து தலைத்துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். யாரும் பாயைத் தொடவில்லை.